ஒத்திகையில் சொல்லாத வரி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அந்த வருஷம் மின்வெட்டு இருந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒத்திகை பார்த்தோம் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் நாடகம் அரங்கேறியது கோடையில். மின்வெட்டோ அதற்கு முந்தைய குளிர்காலத்தில். இரண்டையும் நானே எங்கோ ஒட்டவைத்துவிட்டேன் போலிருக்கிறது. முதல் நாள் மேடையில் நடிகர் செட்ரிக் மோட்ரம் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றார் என்பதும் அப்படித்தான். கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு கணக்குச் சொல்லியிருக்கிறேன். நின்றார் என்பது மட்டும் நிச்சயம்.

இங்கிலாந்தில் ஸ்கார்பரோ என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன நாடக அரங்கில் எனக்குப் பாடம் எடுத்துக்கொடுக்கும் வேலை. மேடை ஓரத்தில், பக்கத் திரையின் மறைவில், நாடகப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடிகர் வரியை மறந்தால் முதல் சொல்லை மெதுவாகக் கொடுக்க வேண்டும். சொல்லைக் கொடுப்பது சுலபம். கொடுக்காமல் இருப்பதுதான் வேலை. நிற்பவர் மறந்து நிற்கிறாரா, வேண்டுமென்று நிறுத்துகிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நல்ல மௌனத்தின் நடுவே நான் வாயைத் திறந்துவிட்டால் அந்த நடிகர் அந்த வாரம் முழுக்க என் முகத்தில் விழிக்கமாட்டார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவள் அல்ல.

செட்ரிக் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க போலீஸ்காரர், பாதிரியார், ஸ்டேஷன் மாஸ்டர், பட்லர் என்று சின்னச் சின்ன வேஷங்கள். சினிமாவில் அவர் கதவைத் திறந்து, ஐயா வெளியே போயிருக்கிறார் என்பார். கதை அவரைத் தாண்டி உள்ளே போய்விடும். தெருவில் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. மீன்கடைக்காரி ஒருத்தி, தன் மைத்துனனோடு பட்டாளத்தில் இருந்தவர் அவர்தான் என்று சாதித்தாள். இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மைத்துனன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்கென்று நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பாள்.

அவர் மனைவி வின்னி ஒரு காலத்தில் அவர் நடித்த நாடகக் குழுக்களிலேயே வேலைக்காரி வேஷம் போட்டவள். பிறகு நடிப்பை விட்டுவிட்டு, ஊர் ஊராக அவரோடு வாடகை அறைகளில் தங்கினாள். ஒத்திகை நடக்கும்போது பக்கத் திரையோரம் நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கோடை நாடகத்தில் அவருக்குக் கிழட்டுத் தோட்டக்காரன் வேஷம். கடற்கரை வீடொன்று விற்கப்படுகிறது. குடும்பம் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறது. கடைசியில் தோட்டக்காரன் மட்டும் நிற்கிறான். வாசல் விளக்கை அணைக்கப் போய், அணைக்காமலே கையை எடுத்துக்கொண்டு, ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறான். திரை விழுகிறது. ஒரு நாடகத்தின் கடைசி வரி செட்ரிக்குக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பிரதியைப் படித்த அன்றைக்கு அவர் மழையில் குடையில்லாமல் துறைமுகம் வரை நடந்துவிட்டு வந்ததாக வின்னி சொன்னாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், ஜனங்கள் வந்து உட்காருவதற்கு முன்பே நாடகம் முடிந்துபோகும்; பிறகு அது தேறாது. அந்த இடம் வந்ததும் ஏதாவது தாளம் போட்டு நிரப்பிவிடுவோம். செட்ரிக்கும் விளக்கைப் பார்த்து, "டம்-டிடி-டம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போவார். வின்னியோடு காலையில் கடற்கரை பெஞ்சில் பாடம் ஒப்பிக்கும்போதும் அதே டம்-டிடி-டம்தான்.

ஆனால் அந்த வருஷம் அவருக்கு மறதி வந்துவிட்டது. முதலில் சொற்கள் போயின. பிறகு எந்தப் பக்கமாக உள்ளே வர வேண்டும் என்பது போயிற்று. லண்டனிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஜூலியன் ஃபேர்லிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பையன்தான், பயந்துபோயிருந்தான். டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, வக்கீல் வேஷம் போடும் ஹாரியைத் தோட்டக்காரனாக மாற்றிவிடலாமா என்று கேட்டான். மறக்கிறார், ஆனால் எடுத்துக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார் என்றேன். அவன் சமாதானமாகவில்லை.

அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் முழு ஒத்திகை. கடைசிக் கட்டத்தில் செட்ரிக் விளக்கடியில் நின்று டம்-டிடி-டம் என்றார். இருட்டிலிருந்து ஜூலியன் குரல் வந்தது.

"செட்ரிக், இன்னைக்கு அந்த வரியச் சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்றேன் தம்பி."

"எனக்கு இப்பவே கேக்கணும். அது உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாளைக்கு உங்கள மேடையேத்த முடியும்."

செட்ரிக் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னால் குழுவின் வழக்கம் போகும். சொல்லாவிட்டால் வேஷம் போகும். மறந்திருந்தால் இரண்டும் போகும்.

வின்னி பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தம்பி, எங்க கல்யாணத்துல மோதிரம் போடுற எடத்துல இந்த மனுஷன் வாயடைச்சு நின்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். இன்னும் எங்கூடத்தானே குப்ப கொட்டிக்கிட்டிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாரி மட்டும் சிரிக்காமல் முன்னால் வந்து, அந்த வரி இன்றைக்கு யார் வாயிலிருந்து வந்தாலும் நாளைக்குத் தான் மேடையேறப் போவதில்லை, தோட்டக்காரனாகவும் சரி, வக்கீலாகவும் சரி என்றார். ஜூலியன், சரி, நாளைக்கே ஆகட்டும் என்றான்.

எல்லோரும் போன பிறகு செட்ரிக் என் மூலைக்கு வந்தார்.

"கண்ணு, நாளைக்கு அந்த எடத்துல நான் நின்னா எடுத்துக் குடுக்காத."

"மறந்து நின்னீங்கன்னா?"

"நிக்கிறேன். அந்த ஒண்ணையாவது நானாச் சொல்லணும்."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. சில இடங்களில் சொல் கொடுத்தேன், அவர் பிடித்துக்கொண்டார். கடைசிக் கட்டம் வந்தது. விளக்கை அணைக்கக் கையைக் கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார், நின்றார்.

நான் பல மௌனங்களைப் பார்த்தவள். சிலது இறுகும், சிலது தளரும். இது இரண்டும் இல்லை. ஒரு மனிதர் தன் வீட்டு வாசலில் சாவியைத் தேடுவது போல இருந்தது. வின்னியின் ஊசிகள் நின்றுவிட்டன. ஜூலியன் என் பின்னால் வந்து குனிந்து, எடுத்துக் கொடுங்க, எடுத்துக் கொடுங்க என்று கிசுகிசுத்தான். முதல் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. விரலால் உதட்டை அழுத்திக்கொண்டேன்.

செட்ரிக் வாயைத் திறந்தார். "டம்-டிடி-டம்" என்றார்.

மிக மெதுவாக, வேலை முடித்துப் போகிற கிழவன் தனக்குத்தானே பாடிக்கொள்வது போல. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரைக்குச் சைகை காட்டினேன். பிறகு கைதட்டல் நிற்கவே இல்லை.

உள்ளே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரி வந்துடுச்சு கண்ணு, மனசுக்குள்ள முழுசா வந்துடுச்சு. பழகின வாயி, இதப் பாடிடுச்சு." சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார், ஒப்பனை மை கன்னமெல்லாம் வழிந்தது.

ஜூலியன் அவர் முன்னால் மண்டியிட்டு, இனி தினமும் அப்படியே செய்யுங்கள், வரி வேண்டாம் என்றான். அந்தக் கோடை முழுக்க அவர் அப்படியே செய்தார். ஊர்ப் பத்திரிகை அந்தப் பாட்டைப் புகழ்ந்து எழுதியது. ஹாரி மட்டும், இந்த நாடகம் இன்னும் முடியவில்லை என்று முனகிக்கொண்டே இருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. செட்ரிக்குக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது, வரி கிடைக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து ஒரு குளிர்காலத்தில் செட்ரிக்கையும் வின்னியையும் பார்க்க, அவர்கள் குடிபோயிருந்த ஹல் நகருக்குப் போயிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. வாடகைக்கு அறை விடுகிறவள் என்று நினைத்துக்கொண்டு, குளிக்க வெந்நீர் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். உண்டு என்றேன். டீ குடித்து முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது. எனக்காகப் போட்டு வைத்திருந்த வாசல் விளக்கை அணைக்க வின்னி எழுந்து போனாள்.

"அந்த விளக்கு எரியட்டும்," என்றார் செட்ரிக் நாற்காலியிலிருந்து. "யாராவது பின்னால வரலாம்."

பிரதியில் இருந்த வரி, ஒரு சொல் பிசகாமல், கடைசி வரிசைவரை கேட்கிற குரலில். வின்னியின் கை சுவிட்சிலேயே இருந்தது. வெகுநேரம் அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்ட செட்," என்றாள். "நடுவுல ஒரு மூச்சு விட்டிருக்கலாம்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் அவர்.

செட்ரிக் அடுத்த வசந்தத்தில் இறந்தார். தன் மைத்துனனின் பட்டாளத்து நண்பர் போய்விட்டார் என்று மீன்கடைக்காரி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வின்னி தங்கை வீட்டுக்குப் போனாள்; அங்கே சில வருஷம் இருந்தாள். ஹாரி நடிப்பை விட்டு லீட்ஸில் மதுக்கடை நடத்தினார். ஜூலியன் தொலைக்காட்சிக்குப் போனான், இப்போது அவனுக்கும் வயதாகிவிட்டது. அரங்கம் பிங்கோ சூதாட்டம் ஆடும் இடமானது. நான் இதே ஊரில்தான் இருக்கிறேன்.