குண்டூசிக்கு அடியில் இருந்த தெரு

1.

இந்தக் கதை ஒரு கனவில் பிறந்தது. போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே கண்ணயர்ந்துவிட்டேன். (ஆயர் இதைப் படிக்கமாட்டார், என் அறிக்கைகளையே படிப்பதில்லை.) கனவில் எங்கள் ஆலயம், தேங்கிய மழைநீரில் சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்குகிறவளைப் போல் படிக்கட்டைச் சற்றே தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்வரிசைக்கு நடந்தது. பெஞ்சுகள் மெல்ல ஆடின. யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

2.

முதல் வரி: "திருச்சபையின் பணி என்பது, இன்றைய காலகட்டத்தில்..."

வேண்டாம். அறிக்கை வாடை அடிக்கிறது. நேராகவே சொல்கிறேன். நான் சபையின் மிஷன் கமிட்டிச் செயலாளர். எந்தெந்தத் தெருவில் வீடுகளைச் சந்திப்பது என்று ஆலய அலுவலகச் சுவரிலிருக்கும் ஊர் வரைபடத்தைப் பார்த்துத்தான் பட்டியல் போடுவேன். கனவு கண்ட மறுநாள் அதில் எங்கள் தெருவைத் தேடினேன். காணோம். ஆலயத்தைக் குறிக்க நாங்களே குத்திய குண்டூசியின் சிவப்புத் தலை, சட்டைப் பொத்தான் பெரிசு, அதை மறைத்திருந்தது. பதினோரு வருஷமாக. ஆற்றைத் தாண்டி ஆறு ஊர்களுக்குப் போயிருக்கிறோம். எதிர்வரிசைக்குப் போனதில்லை.

(தினமும் நடக்கிற தெருதானே என்பீர்கள். பட்டியலில் இல்லையே!)

3.

எதிர்க்கடைத் தையல்காரர்தான் எங்கள் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிறவர்; கடை மாடியில்தான் வீடு. முதலில் அவரைப் பரம சாதுவாக எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். நன்றாகவே சண்டை போடுவார். நான்கு மாதத்துக்கு முன் என் தோளை அளந்துகொண்டே கேட்டார்.

"அக்கா, என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா. கோயிலுக்குள்ள நோயாளிங்க பேர் வாசிச்சு ஜெபம் பண்றீங்களே, அதுல சேர்க்க மெம்பரா இருக்கணுமா?"

"கமிட்டியில கேட்டுச் சொல்றேன் தம்பி."

"மறந்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஜன்னலைத் தொறக்கச் சொல்லி, காதைக் குடுத்துட்டே கிடப்பா."

'அடுத்த கூட்டத்தில் பேசலாம்' என்று கமிட்டிக் குறிப்பேட்டில் இருக்கிறது. என் கையெழுத்துதான். வெட்கமாக இருக்கிறது.

4.

முடிவு ஒன்று: நான் போகிறேன். அவள் எழுந்து உட்கார்கிறாள். (சபை மலருக்கு ஆகும். எனக்கு ஆகாது.)

முடிவு இரண்டு: நான் போகிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது. உள்ளே...

இதற்குமேல் கை ஓடவில்லை.

கதையில் இல்லாதது ஒன்று: நேற்று ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து வரைபடத்தின் முன் போய் நின்றார். பிறகு குண்டூசியைப் பிடுங்கினார்.

"நாம ஆளுங்களை அனுப்பிட்டேதாம்மா இருந்தோம். போகல." குண்டூசியை மேசையில் வைத்துவிட்டு, "நான் போகவா, நீங்க போறீங்களா?"

"நான்தான் ஐயா போகணும். என்கிட்டதானே கேட்டார்."

அது நேற்று. இன்று உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

5.

மத்தியான வெயிலில் தெரு, கனவில் வந்த பெஞ்சுகளைப் போலவே லேசாக ஆடுகிறது. ஆலய அலுவலகத்தில் இந்த மேசையிலிருந்து தையல்காரர் வீட்டு ஜன்னல் தெரிகிறது. திரை அசைகிறது, காற்றா, கையா தெரியவில்லை. அவள் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முடிவை உங்களிடமே விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கீழே ஆறு என்று எண் போட்டு, அழகாக ஏதாவது எழுதியிருந்தால், நான் போகவில்லை என்று அர்த்தம்.