இடது ஸ்பீக்கர்

வேல்குமாருக்கு வந்த ஆத்திரத்தில் புது ஸ்டீரியோ ரிசீவரைத் தூக்கி வாசலில் வீசியிருப்பார், கனம்தான் தடுத்தது. வேலம்பாளையத்தில் நிட்டிங் மெஷின்களோடு நாளெல்லாம் மாரடிக்கிற மனிதர், வீட்டிலாவது நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார். வந்த நாளிலிருந்து பாட்டு முழுக்க வலது பக்கமே கேட்கிறது. இடது ஸ்பீக்கர் சும்மா நிற்கிறது.

"ஏனுங்க தம்பி, ஏமாந்த ஆளுன்னு ஓட்டை ஸ்பீக்கரத் தலையில கட்டிட்டீங்களா?" என்று கடையிலிருந்து வந்த இசக்கிமுத்துவிடம் பாய்ந்தார். வெளியாட்களிடம் எவ்வளவு கொதித்தாலும் அந்த 'ங்க' மட்டும் அவர் வாயை விட்டுப் போகாது.

"ரிசீவரும் ஆறு ஓம், ஸ்பீக்கரும் ஆறு ஓம். பொருத்தம் பாத்துத்தான் அண்ணாச்சி குடுத்தோம்."

"கல்யாணப் பொருத்தமுங்களா? சத்தம் எங்கீங்க?"

இசக்கிமுத்து ஒயரின் பிளஸ், மைனஸ் பார்த்தான். இரண்டு பக்கத்து ஒயரையும் மாற்றிச் சொருகினான். பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தான். அப்போதும் வலது பக்கம்தான்.

"எனக்கு ரெண்டுலயும் கேக்கு அண்ணாச்சி."

என்ன துணிச்சலாகப் பொய் சொல்கிறான்! வேல்குமார் பல்லைக் கடித்தார். "உங்க மொதலாளியவே கேக்கறனுங்க" என்று செல்போனை எடுக்கத் திரும்பினார்.

பாட்டு சட்டென்று மற்ற ஸ்பீக்கருக்குத் தாவியது.

அவர் திரும்பி நின்றார். பாட்டும் பழைய இடத்துக்கே வந்தது. வலது காதை விரலால் அடைத்தார். பாட்டு எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது. பயத்தைக் காட்டத் தெரியாத மனிதர், வழக்கம்போல மனைவி மேல் எரிந்து விழுந்தார்.

"ஏன்புள்ள, எடது காது கேக்கறதில்லீன்னு ஊட்டுல இருக்கற உனக்குக்கூடவா தெரியல?"

கீதாஞ்சலி முகம் சிவந்து எழுந்தாள்.

"எனக்கெப்படீங்க தெரியும்? கார்ல உங்க எடது பக்கம் உக்காந்து வருசக்கணக்காப் பேசுனேன். ஒரு 'ம்' வராது. திமிருன்னு நெனச்சேனுங்க. அழுதுகூடப் பாத்தேன். அப்புறம் பேசறதையே உட்டுட்டேன். அதாவது தெரிஞ்சுதுங்களா உங்களுக்கு?"

தெரியவில்லை. இப்போதெல்லாம் அவளுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.