இரண்டு விரல்

“சாமி கேட்டா தூக்கிக் குடுத்துடறதா? அவ என்ன, பக்கத்து வீட்டுக்குக் குடுக்கற ஒரு கரண்டி சர்க்கரையா?”

“மெதுவாப் பேசுடி. கீழ் வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். டிவியக்கூட அணைச்சிட்டு நம்ம சண்டையத்தான் கேட்டுட்டிருக்காங்க.”

உண்மைதான். அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். மாடியில் கத்தியவள் சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். குரலை அடக்கியவர் அவள் கணவர், லிப்ட் மெக்கானிக். சண்டை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகளைப் பற்றி. அன்று காலை மடத்தில் ஐயா அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிவிட்டார்.

எங்கள் தெருவில் இரண்டு விரலுக்குப் பொருள் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ‘இவள் இங்கேயே இருக்கட்டும்.’ அதாவது தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, ஆயுள் முழுக்க மடத்து மாடியில்.

ஐயா முன்பு பஸ் கண்டக்டர். வேலையை விட்டுவிட்டு, தெருக்கோடிக் கிடங்கில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தார். யார் வந்தாலும் அந்தப் பாயில்தான் இடம். குப்பை அள்ளுகிறவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட வக்கீலிடம், “அப்ப நின்னுட்டே வாங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம்” என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பெண்களைப் பற்றி ஐயா சொன்ன ஒரு பேச்சு தெருவுக்கே மனப்பாடம்: “துறவுங்கிறது அவங்கவங்களா எடுத்துக்கறது. பெத்தவங்க கிழிச்சுக் கையில குடுக்கறதுக்கு அது என்ன டிக்கெட்டா?”

கிடங்கு மடமானது. ஐயா மௌனம் பூண்டார். அதன்பின் கை அசைவுதான் பேச்சு. அதற்குப் பொருள் சொல்லச் செயலாளர் ஒருவர் அமைந்தார். தெருவில் அவருக்குப் பெயர் ‘வாய்’. ஐயாவின் பழைய பேச்சுகளைத் தினமும் ஒலிபெருக்கியில் போட்டவரும் அவர்தான்.

போன மழைக்காலத்தில் மடம் சில நாள் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. புன்னகை என்றார் வாய். வலது கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றார். வலது கை எப்போதும் சால்வைக்குள். வாய் யாருக்காகச் சால்வையை விலக்குகிறாரோ, அவர்களுக்கு மட்டும் கை தெரியும். தெரிந்த போதெல்லாம் இரண்டு விரல்தான். டிக்கெட் பேச்சு அதன்பிறகு ஒலிபெருக்கியில் வரவில்லை. ஒலிநாடா அறுந்துவிட்டதாம்.

முதலில் பால்காரர் மகள் போனாள். அடுத்து தையல்காரரின் கடைசிப் பெண். தெருவிலேயே சத்தமாகச் சிரிக்கிறவள் அவள். இப்போது மொட்டைத் தலையோடு மாடியில் வெள்ளைத் துணி உலர்த்துகிறாள், கீழே இருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு மடத்தில் முன்வரிசை. நகை சேர்க்க வேண்டாம், சம்பந்தி வீட்டு முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நினைக்காதவரும் இல்லை. கொடுக்க மாட்டேன் என்ற முடிதிருத்துபவர் குடும்பத்தோடு தெருவே பேச்சை நிறுத்தியது. அவர் கடைக்கு ஒரு தலையும் போகவில்லை. ஒரு மத்தியானம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியனுப்பக் கதவைத் திறந்தவர் எவருமில்லை.

லிப்ட் மெக்கானிக்கின் கணக்கு வேறு. சில வருடம் முன்பு ஒருமுறை லிப்ட் கயிறு அறுந்தும் உயிர் பிழைத்தவர். முந்தின நாள் ஐயா ‘பயமில்லை’ என்று உள்ளங்கை காட்டியதால்தான் என்பது அவர் நம்பிக்கை.

“எனக்கு உசிரு குடுத்தவருடி.”

“அப்ப நீங்க போய் மொட்டை அடிச்சுக்கிட்டு உக்காருங்க. உங்க உசிருக்கு அவ ஏன் வட்டி கட்டணும்?”

மறுநாள் மடத்திலிருந்து வெள்ளைப் புடவை வந்தது. அம்மா அதைத் தொடவில்லை. அப்பா வாங்கிப் பெட்டிமேல் வைத்தார். மகள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள். கடையில் அவளுக்குக் கண் சோதிக்கிற வேலை. அன்று என் கணவரும் அங்கே போயிருந்தார். அவள் எந்த வில்லையைப் போட்டாலும், “ஆமா, தெளிவா இருக்கு” என்று தலையாட்டியிருக்கிறார். கடைசியில் அவள் வெறும் கண்ணாடியைப் போட்டுக் கேட்டாள். அதற்கும் ஆமாம்.

“மாமா, இது சும்மா கண்ணாடி. எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்றவங்களுக்கு இதப் போட்டுப் பாப்போம். நீங்க பாக்கவே இல்ல, தலைய மட்டும் ஆட்டறீங்க.”

வீட்டுக்கு வந்து அவர் புலம்பினார். நான் சிரித்தேன்.

துறவு கொடுக்கும் நாளில் மடம் நிரம்பி வழிந்தது. வாசலில் முடிதிருத்துகிறவர் ஒருவர் கத்தியைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்தார். வெளியூர் ஆள். அப்பா முன்வரிசையில், கண்ணை மூடியபடி. அம்மா தூணோரம் மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வை என்று யாரோ அதட்டியும் வைக்கவில்லை.

மகள் வெள்ளைப் புடவையில் வந்து ஐயா முன்னே உட்கார்ந்தாள். வாய் சால்வையை விலக்கினார். இரண்டு விரல். கூட்டம் கைகூப்பியது.

அவள் எழுந்தாள். கத்திக்காரரிடம் போகவில்லை. ஓரமாகப் பூத்தட்டோடு நின்ற வாயின் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்து, தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார வைத்தாள். நல்ல பக்தியுள்ள பெண் அது. அப்பா ஒருநாளும் தன்னை ஐயா முன்னால் உட்காரவிட்டதில்லை என்ற ஏக்கத்தோடு வளர்ந்தவள். சால்வை இன்னும் மூடப்படவில்லை.

இரண்டு விரல், அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. “அப்பா, ஐயா என்னையும் கூப்பிடறாங்க. நான் இருந்துடவா?”

வாய்க்கு அன்று வாய் எழவில்லை. பிறகு சால்வையை இழுத்து மூடினார். “ஐயா களைப்பா இருக்காங்க. நீ எழுந்து வாம்மா.”

“எனக்குக் காட்டறப்பவும் களைப்பாத்தானே இருந்திருப்பாங்க” என்றாள் மெக்கானிக் மகள். அவள் குரலை உயர்த்தவில்லை. அவ்வளவு பேர் இருந்தும் கடைசி வரிசைவரை கேட்டது.

அம்மா செருப்பைக் கீழே போட்டாள். மகள் மாட்டிக்கொண்டாள். இருவரும் கூட்டத்தின் நடுவே நடந்து போனார்கள். மெக்கானிக் கண்ணைத் திறந்து ஐயாவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். வலது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, அவரும் வெளியே போனார். அதுவரை அந்தக் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுவாரமே மெக்கானிக் குடும்பம் வேறு ஊருக்கு மாறியது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பெட்டிகளை இறக்கினார்கள். கதவைப் பாதி திறந்து பார்த்தேன். அந்தப் பெண் அங்கே சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. பால்காரர் மகளும் தையல்காரர் மகளும் இன்னும் மாடியில் துணி உலர்த்துகிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஐயாவின் சால்வை இப்போது விலகுவதே இல்லை. குறிப்புகளையும் கடந்த நிலைக்கு அவர் போய்விட்டார் என்கிறார் வாய்.

வாயின் மகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கடல் கடந்த தேசத்தில் இருக்கிறார். அழுதுகொண்டே விமானம் ஏறினாளாம். அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. உச்சியில், தங்க நிறத்தில், இரண்டு விரல். அதற்கு ஆசீர்வாதம் என்று பொருளாம்.