போல்வென்னா ஸ்டேஷனுக்கு முதல் பரிசு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெஞ்சில் ஊறி வந்ததல்ல, பிறர் என்னிடம் கேட்டு வாங்கியது. இங்கிலாந்தின் கார்ன்வால் கிளை ரயில்பாதையில் அறுபது வருஷமாகப் புதர் மண்டிக் கிடக்கும் போல்வென்னா ஸ்டேஷனுக்குக் கல்லில் நினைவுப் பலகை வைக்கிறார்களாம். உருக்கமாக ஒரு வரி வேண்டும் என்றார் ரயில் அன்பர் சங்கச் செயலாளர் டென்சில். ரயில் ஓடியபோது ஏறாதவர்களெல்லாம் நின்ற பிறகு சங்கம் வைத்துவிடுகிறார்கள்!

முதல் முயற்சி: "கடைசி ரயில் பனியில் மறைந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஹார்வியின் கண்கள்..."

(த்தூ. நானேதான் எழுதினேன். கிடக்கட்டும்.)

2

ஹார்வியின் மகள் லவ்டேக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் சம்மதித்தால்தான் பலகை. டென்சிலோடு போய்ப் படித்துக் காட்டினேன்.

"எங்கப்பா அழுதாராக்கும்? நீங்க பாத்தீங்களோ?"

"சரிக்கா, லண்டன் ரயில்வே ஆபீஸ்காரன் மூடிட்டான்னு போட்டுருவோம்," என்றார் டென்சில்.

"அவனை எதுக்கு இழுக்கிறே? மூடினது எங்கப்பா."

டென்சில் கையிலிருந்த தேநீர் சிந்தியது. (சிந்தவில்லை. வாயைப் பிளந்தார், அவ்வளவுதான். கதை எழுதுகிறவன் புத்தி.)

3

நடந்தது இதுதான். 1962 ஜூன். எத்தனை பேர் ரயிலேறுகிறார்கள் என்று எண்ண லண்டன் ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்தான். அதே வாரம்தான் எந்த ஸ்டேஷன் தோட்டம் அழகு என்று ரயில்வே வருஷாவருஷம் நடத்தும் போட்டி. ஹார்விக்கு ரோஜாதான் உயிர். ஊரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு வாரம் அடுத்த ஸ்டேஷன்ல போய் ஏறிக்குங்க. பூவை மிதிச்சுத் தொலைக்காதீங்க." ஊரும் தலையாட்டியது. ஒன்பது வயது லவ்டேகூடப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல் நடந்தாள்.

போல்வென்னாவுக்கு முதல் பரிசு. ஏறிய பயணிகள்: பூஜ்யம்.*

* தப்பு. ஒன்று. பரிசு கொடுத்த நடுவர் ரயிலேறித்தானே திரும்பினார்!

இதற்குமேல் மூடுவதற்கு என்ன காரணம் வேண்டும்?

4

"ஊரு அவரைத் தியாகின்னு கொண்டாடுச்சு," என்றார் லவ்டே. "முப்பது வருஷம் அதைக் கேட்டுக் கூனிக் குறுகியே செத்தாரு. இப்பக் கல்லுலயும் பொய்யா?"

"ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"எப்படி ஒத்துக்குவாங்க? உங்கப்பனும்தானே அந்த வாரம் அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தான்!"

கடைசி ரயில் போன நாள் ஹார்வி என்னதான் செய்தார் என்று கேட்டேன்.

"களை புடுங்கினாரு. அடுத்த ஜூன்லயும் பாத்திக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சு, தொப்பி மாட்டிக்கிட்டு நடுவருக்காக நின்னாரு. தண்டவாளத்தையே பேத்துட்டுப் போயிட்டானுங்க, என் ராசா. நடுவர் எதுல வருவாரு?"

5

முடிவு ஒன்று: லண்டன் மூடியது. ஊர் கைதட்டும், எனக்கும் கேக் கிடைக்கும்.

முடிவு இரண்டு: ரோஜா மூடியது. பலகையே வேண்டாம் என்பார் டென்சில்...

பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம். நான் கோழை, நீங்களே எழுதுங்கள். ஆனால் லவ்டே உங்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதை எழுதினாலும் அவர் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.