டிக்கிக்குள் அடங்காதது

“டிக்கியைத் திறந்து காட்டுங்க” என்றேன். மேற்கூரைக் கண்ணாடி எப்படித் திறக்கும் என்று விற்பனையாளர் என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசியது இருவருக்குமே பிடிக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு எங்கள் பாப்பா நடக்கவில்லை. தாழ்வான காரில் அவளைக் குனிந்து திணிக்க வேண்டியிருக்கிறது. சற்று உயரமான சின்ன எஸ்யூவி என்றால் சக்கர நாற்காலியிலிருந்து அவளே சீட்டுக்கு நகர்ந்துவிடுவாள். அதிலும் விலை குறைந்ததுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். இதற்கு முன் ஏறி இறங்கிய ஷோரூம்களுக்கெல்லாம் என் கணவர் அந்த நாற்காலியை மறந்துவிட்டே வந்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணை மூச்சு வாங்கத் தூக்கி வருகிறவருக்கு நாற்காலி மட்டும் மறந்துபோகுமாம். இன்று அதை நானே ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். பிரித்து மாட்டத் தெரியாத இயந்திரம் கிடையாது. அந்த நாற்காலியை மட்டும் வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. தள்ளுவது, துடைப்பது எல்லாம் என் பாடு.

பாப்பா பின்சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். உயரம் கச்சிதமாக இருந்தது. நாற்காலியை மடக்கி டிக்கிக்குள் வைத்தேன். சக்கரம் இடித்தது. எப்படித் திருப்பினாலும் கதவு மூடவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அடங்கலைல்ல, விடு. வருசக்கணக்குல ஓட்டப்போற வண்டி. அதுக்குள்ள பாப்பா நடந்துருவா. நாற்காலிக்காக யாராவது வண்டி பார்ப்பாங்களா?”

டாக்டர் அப்படி ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம். எனக்குக் காதில் விழுந்தது அவருக்கு விழவில்லை.

“நடக்கலைன்னா?” என்றேன்.

வீட்டுக்குள்கூட நான் கேட்காத கேள்வி. முன்பின் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு, பாப்பாவும் கேட்கும்படி வாய் விட்டுவிட்டேன். விற்பனையாளர் தரையைப் பார்த்தார்.

“அப்பா” என்றாள் பாப்பா, திரும்பாமலே. “சக்கரம் கழண்டு வரும். நடுவுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டு இழுங்க.”

“யாரு சொன்னா?”

“எக்சர்சைஸ் சொல்லித்தர்ற அக்கா. ரொம்ப நாளுக்கு முன்னாடியே.”

“ஏன்மா எங்கிட்ட சொல்லல?”

“அதைப் பார்த்தாலே உங்க முகம் ஒரு மாதிரி ஆயிரும்ப்பா. அதான்.”

அவர் நாற்காலியை வெளியே எடுத்துத் தரையில் வைத்துக் குந்தினார். கட்டைவிரல் பட்டனின் மேல் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு அமுக்கினார். சக்கரம் கையோடு வந்தது. மற்றதையும் கழற்றினார். சட்டத்தை உள்ளே கிடத்தி, சக்கரங்களை ஓரமாகச் சாய்த்து வைத்தார். இன்னும் இடம் மிச்சமிருந்தது.

எழுந்து நின்று டிக்கிக் கதவை எட்டிப் பிடித்தார். பின்சீட்டின் சாய்வுக்கு மேலே பாப்பாவின் பின்னல் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு, கதவை இறக்காமல், கையை உயர்த்தியபடியே நின்றார்.