பெயர் கரைந்த டம்ளர்கள்

கத்திரி வெயிலின் மூன்றாம் நாள், கடலூர் முதுநகரில் சுப்பராயலுவின் வீட்டுக்குள் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அக்கம்பக்கத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது. அவர் மனைவி ரத்தினம்மாளின் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வெள்ளம் பார்த்துப் பழகிய ஊர், யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்த மனிதர் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்; சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை. ஆம்பிளை அழக்கூடாது என்று காரியத்தன்று அவர் வாயை அடைத்த அதே சொந்தக்கூட்டம், வயதாகிவிட்டது பாவம் என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனது.

இரண்டாம் வருடம் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அடுக்களை எவர்சில்வர் பாத்திரங்களில் வெட்டியிருந்த பெயர்கள் கரையத் தொடங்கின. பாத்திரத்திலிருந்து ஒரு பெயர் போனால் அன்றே அவர் தலையிலிருந்தும் போகும். முதலில் சம்பந்தியின் பெயர் போனது, அதில் நஷ்டமில்லை. பிறகு ரத்தினம்மாள் போனாள். மகன் இளவரசு மகா கெட்டிக்காரன். ஆள் வைத்துப் பாத்திரங்களையெல்லாம் பரணில் ஏற்றினான்; அப்பாவைத் தண்ணீரிலேயே விட்டான். பரணிலும் பெயர்கள் கரைந்தன.

சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சந்திரலேகா வந்து பார்த்தபோது, அவள் டம்ளரில் 'லேகா' மட்டும் மிச்சமிருந்தது. அப்பாவும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். அதுவும் போவதற்குள் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிக் கட்டினாள். பாத்திர மூட்டையோடு அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸில் அவர் சீட்டுக்கடியில் தண்ணீர் தேங்கியது. கண்டக்டர் காலைத் தூக்கிவைத்து டிக்கெட் கிழித்தார்.

"மறதி மட்டும் இல்லம்மா, மனசு ஒடிஞ்சி கெடக்கு. அத மொதல்ல பாப்போம். கொஞ்சம் திரும்பும், எல்லாம் திரும்பாது" என்றார் அங்கே காட்டிய டாக்டரம்மா.

இளவரசு போனில் குதித்தான். "மறதின்னே சொல்லு. மனசு சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா எம்பொண்ண எவன் கட்டுவான்?"

அவன் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது.

சந்திரலேகா போனை வைத்துவிட்டு மாத்திரையை எடுத்துக்கொடுத்தாள். தினமும் அம்மாவைப் பற்றியே பேச்சுக்கொடுத்தாள். ஏழாம் மாதம் சுப்பராயலு வாய்விட்டு அழுதார். அன்றிலிருந்து தண்ணீர் வடிந்தது. சொம்பில் ரத்தினம்மாள் வந்தாள். டம்ளரில் 'சந்திர' மங்கலாக வந்தது. இப்போதும் அவர் அறையில் பாதம் நனையத் தண்ணீர் உண்டு, வீட்டார் செருப்போடு நடமாடுகிறார்கள். இளவரசின் டம்ளர் மட்டும் மொட்டையாகவே இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அதில்தான் அவனுக்குக் காபி.

"சக்கர போதுமா தம்பி? எந்த ஊரு நீங்க?" என்று சுப்பராயலு மரியாதையாகக் கேட்கிறார். போதும் என்று குடித்துவிட்டு, அவன் பேன்ட்டை மடித்துக்கொண்டு கிளம்புகிறான்.