டொய்ல் வீட்டுச் சுவர்

வரும் வியாழக்கிழமை என் மனுஷன் யோகலிங்கத்தைக் கொழும்புக்குத் திருப்பி ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். எண்பத்தாறாம் ஆண்டு அது. லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய நாளிலிருந்து அவரைத் தடுப்புக்காவலிலேயே வைத்திருந்தார்கள். எங்கள் பகுதி எம்.பி. தலையிட்டால் நிறுத்தலாம் என்றார் வக்கீல். எம்.பி.யின் பெயர் டொய்ல் என்று கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

லூயிஷாமில் என் அறைக்குக் கீழே இருந்த அயர்லாந்துக் கிழவரும் டொய்ல்தான். அவருடைய முன்னறைச் சுவர் முழுக்கப் படங்கள். நீதிபதி டொய்ல், குத்துச்சண்டைக்கார டொய்ல், பாட்டுக்காரி டொய்ல், நடுவில் இந்த எம்.பி. எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களை மாட்டுவதுபோல் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சொந்தமில்லாதவனை யாராவது சுவரில் வைப்பார்களா?

"கிழவரைப் பிடியுங்கோ அக்கா," என்றாள் என்னோடு அறையில் இருந்த லூர்தம்மா. "சொந்தக்காரன் கேட்டால் ஏலாது எண்டு சொல்லுவாரே?"

சுடச்சுட வடையோடு போய், தெரிந்த ஆங்கிலத்தில் அழுதேன். கிழவர் சுவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

அன்று எம்.பி. நூலகத்தில் ஆட்களைச் சந்திக்கும் நாள். வரிசையில் நிற்கும்போது, "அவர் உங்கள் அண்ணன் மகனா, தம்பி மகனா?" என்று கேட்டேன்.

"யாரென்றே தெரியாது. எங்கள் நாட்டில் தெருவுக்குத் தெரு டொய்ல். பேப்பரில் அந்தப் பெயரைக் கண்டால் வெட்டி மாட்டுவேன். வேறு மாட்ட எனக்கு யாருமில்லை."

அட பாவி மனுஷா, இதை வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் திக்கித் திக்கிச் சொன்னதை எம்.பி. கேட்டார். விட்ட இடங்களைக் கிழவர் நிரப்பினார். யோகலிங்கத்தின் ஊர், ஆமி அடித்த காயம், எல்லாம். நான் மாடிப்படியில் அரைகுறை ஆங்கிலத்தில் புலம்பியதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

"நீங்களும் டொய்லா?" என்றார் எம்.பி. "எனக்குச் சொந்தமோ?"

"இல்லை. இவளுக்குச் சொந்தம்."

எம்.பி. தொலைபேசியை எடுத்தார்.

வியாழக்கிழமை விமானம் யோகலிங்கம் இல்லாமல் போனது. அன்று மாலை கிழவர் மேலே ஏறி வந்து யோகலிங்கத்தின் படம் ஒன்று கேட்டார். எடுத்துக்கொண்டு கீழே போனேன். எம்.பி.க்குப் பக்கத்தில் ஆணி அடித்து முடித்திருந்தார்.